நஞ்சு உட்கொண்டவரைக் காப்பாற்றும் முதல் சில மணி நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பூச்சிக்கொல்லிக்கு "மருந்து" என்றுதான் பெயர். "மருந்து குடிச்சிட்டாரு சிஸ்டர்" என்று கேஷுவால்டி வாசலில் ஒருவர் மூச்சிரைக்கச் சொன்னால், பருத்திக்கோ நெல்லுக்கோ அடிக்க வாங்கி வைத்த குப்பியைத்தான் சொல்கிறார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் புரிந்துவிடும். அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தபோது, நோயாளிகளின் உறவினர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் நோயாளியை உள்ளே கொண்டுபோன பிறகுதான் அவர்கள் அவற்றைக் கேட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக, வீட்டில் இருந்தபோதே விடை தெரிந்திருந்தால் பலருடைய நிலைமை மாறியிருக்கும். இது முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வதற்கானது. ஆபத்து நேர்ந்த நேரத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஒருவர் நஞ்சு உட்கொண்டுவிட்டார் என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். ஒருவர் அவரருகில் இருக்க, இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். வாயில் மாத்திரையோ விதையோ மிச்சம் இருந்து, அவர் நினைவோடு இருந்தால் துப்பச் சொல்லுங்கள். நினைவு மங்கியிருந்தால் மல்லாக்கப் படுக்கவைக்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கி முன்னால் வையுங்கள். வாந்தி வந்தால் அது தரையில் வழிய வேண்டும், தொண்டைக்குள் திரும்பக் கூடாது. நஞ்சு உட்கொண்டு இறப்பவர்களில் கணிசமானோர் தங்கள் வாந்தி நுரையீரலுக்குள் புகுந்ததால் இறக்கிறார்கள் என்பதால், இந்த ஒரு செயலின் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்.

மூச்சே இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை இழுத்து வாங்குகிறார் என்றால், தரையில் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. அந்த நஞ்சு உங்கள் உடம்பிலும் ஏறும்.

வாந்தி எடுக்க வைத்தால் விஷம் வெளியே வந்துவிடாதா?

என்னிடம் மிக அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மிக அதிகமாகத் தீங்கு செய்த நம்பிக்கையும் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விரலைத் தொண்டைக்குள் விடுவது, உப்பைக் கரைத்துப் புகட்டுவது, சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், வேப்பெண்ணெய் ஆகிய எதுவும் வேண்டாம்.

ஒரு நாள் காலையில் இரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயை ஒரு வாய் குடித்திருந்தான். அந்த ஒரு வாய் வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் பெரிய கெடுதல் நேர்ந்திருக்காது. பாட்டி பதறிப்போய் உப்புத் தண்ணீரைப் புகட்டி, விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருந்தார். வெளியே வந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. பையனின் விலாவெலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கின, மூக்கு விடைத்தது, ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தான். அந்தப் பாட்டி பேரனின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார், அந்த ஒன்பது நாளும். அவர் செய்தது அன்பினால். அவருக்கு அதைச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போன்றவை வாந்தியாகும்போது நுரையீரலைத் தாக்குகின்றன. கழிவறை ஆசிட் போன்றவை உள்ளே போகும்போது உணவுக்குழாயைச் சுட்டது போதாதென்று, வெளியே வரும்போது இன்னொரு முறை சுடுகின்றன. கற்பூரமோ தூக்க மாத்திரையோ சாப்பிட்டவருக்கு வாந்தி வரும் நேரத்தில் வலிப்போ மயக்கமோ வந்தால் மூச்சு அடைத்துவிடும். அதிக உப்புக் கரைசலே இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கக்கூடிய நஞ்சு. முன்பு பல நாடுகளில் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்ன இபிகாக் என்ற வாந்தி மருந்தையும் வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2003ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. தானாக வாந்தி வந்தால் தடுக்க வேண்டாம். தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் போதும்.

மோர், இளநீர், முட்டை வெள்ளைக்கரு, புளிக்கரைசல் ஆகியவை விஷத்தை முறிக்குமா?

முறிக்காது. வயிறு நிரம்பினால் வாந்தி வருவதற்கான வாய்ப்பு கூடும். சில நஞ்சுகள் கொழுப்பில் கரைந்து வேகமாக உடலில் ஏறும் என்பதால் பாலும் எண்ணெயும்கூட உதவியல்ல. ஆசிட் குடித்தவருக்குச் சோடா மாவும், சுண்ணாம்பு விழுங்கியவருக்கு எலுமிச்சைச் சாறும் கொடுத்துச் "சரிக்கட்ட" முயல்வது உள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிப் புண்ணை ஆழமாக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்யலாம். விழுங்கக் கொடுக்க வேண்டாம். மருத்துவமனையில் கரித்தூள் கொடுக்கிறார்களே என்று அடுப்புக் கரியை இடித்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே தருவது அதற்கென்றே தயாரித்த கரி. அதுவும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருக்கும்போது, குறிப்பிட்ட சில நஞ்சுகளுக்கு மட்டுமே பயன்படும்.

108க்குக் காத்திருக்கலாமா, சொந்த வண்டியில் கொண்டுபோகலாமா?

108 வண்டியில் ஆக்சிஜனும், தொண்டையில் தேங்குவதை உறிஞ்சும் கருவியும், பயிற்சி பெற்ற பணியாளரும் உண்டு. அது வர நேரமாகும் என்று தெரிந்தால் காரிலோ ஆட்டோவிலோ ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுவருவதுதான் மிகவும் ஆபத்தானது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும் என்று அருகில் இருப்பதைக் கடந்துபோகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட மருத்துவமனையிலோ மூச்சைச் சீராக்கி, பூச்சிக்கொல்லி நஞ்சுக்கான அட்ரோபின் ஊசியைத் தொடங்கி, மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வீணான நேரம் அல்ல.

டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணை மருத்துவரும் பொதுமக்களும் எந்த நேரத்திலும் அழைக்கலாம். இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990.

காலிக் குப்பியைக் கொண்டுவரச் சொல்வது ஏன்?

நஞ்சுக்கு நஞ்சு சிகிச்சை வேறுபடும் என்பதால்தான். ஒரே கடையின் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு குப்பிகளில் ஒன்றுக்கு அட்ரோபின் உயிர் காக்கும்; மற்றொன்றுக்கு அதனால் பயனே இல்லை. எலி மருந்திலும் அப்படித்தான்: ஒரு வகை இரத்தம் உறையாமல் செய்யும், அதன் விளைவு சில நாள் கழித்துத்தான் தெரியும், இன்னொரு வகை கல்லீரலைத் தாக்கும், வேறொன்று வயிற்றில் வாயுவாகி இதயத்தைப் பாதிக்கும். "எலி மருந்து" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். குப்பி, மாத்திரை அட்டை, இலை, விதை, எது கிடைத்தாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கொண்டுவர முடியாவிட்டால் லேபிளைக் கைபேசியில் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு, கூடவே மது குடித்திருந்தாரா, வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பவையும் தேவை. வெட்கத்தினால் மறைக்கப்படும் தகவல்தான் எங்களுக்கு மிகப் பெரிய இடையூறு.

பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு உடம்பில் என்ன நடக்கிறது? சிகிச்சையின்போது அவர் பிதற்றுகிறாரே?

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி, நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. அந்தப் பொருள் தேங்குவதால் வாயில் எச்சில் நுரைத்து வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது, சிறுநீரும் மலமும் தானாகப் போகின்றன, தசைகள் புழு நெளிவதுபோல் துடிக்கின்றன, நுரையீரலுக்குள் சளி சுரந்து, நிலத்தில் இருக்கும்போதே ஒருவர் நீரில் மூழ்குவதைப் போன்ற நிலை வருகிறது. அட்ரோபின் ஊசியை நுரையீரல் உலரும்வரை, சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

உறவினர்கள் அஞ்சுவது இதன் பிறகுதான். அட்ரோபின் ஏறியதும் முகம் சிவந்து, கண்மணி விரிந்து, நோயாளி காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கையை ஆட்டுவார், போர்வையைப் பிய்ப்பார், இல்லாத ஆட்களோடு பேசுவார். "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்குப் புத்தி கலங்கிருச்சா?" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லை, அம்மா. அது மருந்தின் வேகம். அளவைச் சரிசெய்தால் தெளிந்துவிடும். அதே மருந்தினால் வாய் காய்ந்து, நோயாளி "தண்ணி, தண்ணி" என்று கெஞ்சுவார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனம் தாங்காது. செவிலியர் அந்தப்பக்கம் போனதும் ஒரு மடக்குப் புகட்டிவிடுவார்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு மடக்கு நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள். அதற்குமேல் மருத்துவர் சொல்லும்வரை ஒரு சொட்டும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் நோயாளி எழுந்து பேசுவதைக் கண்டு, "இனி ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. நஞ்சு உட்கொண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அதுதான் முதல் அடையாளம். அந்த நேரத்தில் வென்டிலேட்டர் இருக்கும் இடத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்வார், வீட்டில் இருந்தால் கடினம். செலவு, பயிர், ஆடுமாடு, வீட்டில் இருக்கும் குழந்தைகள் என்று அவசரப்படுவதற்கான காரணங்கள் உண்மையானவை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மருத்துவர் விடுவிக்கும்வரை இருங்கள்.

குடிக்கவில்லை, வயலில் மருந்தடிக்கும்போது மேலே பட்டுவிட்டது, அதுவும் ஆபத்தா?

ஆபத்துதான். தோல் வழியாகவும் ஏறும். வெயிலும் வியர்வையும் அதைக் கூட்டும். நஞ்சு பட்ட ஆடையைக் கழற்றிவிட்டு, தலைமுடி, காதுமடல், அக்குள், நகக்கண் உட்படச் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அரைஞாண் கயிறு, தாயத்துக் கயிறு, தோல் பெல்ட் போன்றவை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அறுத்து அப்புறப்படுத்துங்கள். உதவி செய்பவர் கையில் உறையோ, குறைந்தது ஒரு பிளாஸ்டிக் பையையோ மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும், பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து.

மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியிருக்கிறாள், ஆனால் நன்றாகத்தானே இருக்கிறாள்?

"நன்றாகத்தானே இருக்கிறாள்" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பயம் வரும். காய்ச்சலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் அளவு மீறினால், முதல் நாள் குமட்டலோ ஒன்றுமில்லாமலோ இருக்கும். கல்லீரல் பழுதாவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். அதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிவு மருந்து இருக்கிறது. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றலாம், தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையும் இதேபோல் ஏமாற்றும்: இடையில் ஓரிரு நாள் நலமாக இருப்பதாகத் தோன்றி, பிறகு மஞ்சள் காமாலையும் இரத்தக்கசிவும் வரும். தமிழக அரசு அந்தப் பசையைத் தடை செய்திருக்கிறது. அறிகுறி இல்லை என்பது விடுதலைச் சீட்டு அல்ல; சிகிச்சைக்குக் கிடைத்திருக்கும் அரிய அவகாசம் அது. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கொண்டுவாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எவற்றுக்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

பூஜை அறைக் கற்பூரம். கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை: ஒன்றே ஒன்று கூடச் சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையைப் பல மணி நேரம் கழித்துத் திடீரென்று இறக்கக்கூடும் என்பதால், விழிப்போடு விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். பீரோவில் போடும் பாச்சை உருண்டை, தைல எண்ணெய், கொசுவிரட்டித் திரவம் ஆகியவையும் அப்படியே. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டு வாந்தி பேதியோடு வருவதுண்டு. நீரிழப்பைச் சரிசெய்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், ஆனால் சாப்பிட்ட எல்லோரையும் கொண்டுவர வேண்டும்.

பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி நஞ்சு என்று யாரும் நினைப்பதில்லை. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுத் துளைக்கத் தொடங்கும். ஒரு வயதைக் கடந்த, விழுங்க முடிகிற குழந்தை என்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சிறு கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். எதுவும் கொடுக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. தேன் தேடுவதற்காகப் புறப்பாட்டைத் தாமதிக்க வேண்டாம்.

மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட்டால், குழந்தைகள் பிரிவில் எத்தனையோ கட்டில்கள் காலியாக இருக்கும்.

வேண்டுமென்றே அல்லாமல், மருந்து அளவு தவறிப்போனால்?

நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம்தான் இருக்கலாம். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லிலிட்டரைச் சொட்டு மருந்தில் அளந்து கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகிறது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ஒரு மூதாட்டி தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் இறங்கி வந்தார். அட்டையில் எழுதியிருந்தது அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில். மருந்துக்கடையில் வாங்கும்போதே, எந்தக் கிழமை என்று அட்டையின் மேல் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால் அடுத்த வேளையைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கப் பார்க்காமல், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போதை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டவர் மயங்கிக் கிடந்தால்?

வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் ஊர் இளைஞர்களிடமும் வந்துவிட்டது. அபின் சார்ந்த அல்லது அதுபோல் செயல்படும் மருந்து அளவு மீறினால் மூன்று அடையாளங்கள் தெரியும்: எழுப்பினாலும் எழாத மயக்கம், ஊசிமுனைக் கண்மணி, மிகவும் மெதுவாகிவிட்ட மூச்சு. உதடும் நகமும் நீலம் பூத்திருக்கும். குறட்டைபோல் கொரகொரவென்று சத்தம் வரும். "நன்றாகத் தூங்குகிறான், தூங்கட்டும்" என்று நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள்; அந்தத் தூக்கத்தில்தான் மூச்சு நின்றுபோகிறது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும், நடக்கவைப்பதும், காபி புகட்டுவதும் பயனற்றவை. இங்கே குறைவது மூச்சு என்பதால், தெரிந்தவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, 5 நொடிக்கு ஒருமுறை வாய்வழி ஊதுவது உயிரைத் தாங்கி நிற்கும்.

நலோக்சோன் என்ற ஊசி சில நிமிடத்தில் அவரை எழுப்பிவிடும். ஆனால் அதன் வேகம் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடம்தான். போதை மருந்து அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கலாம். எழுந்ததும் ஓடிப்போனவர்கள் வழியில் மறுபடி மயங்குவார்கள். கூட வந்த நண்பரே, என்ன எடுத்தான் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பது சிகிச்சைக்காக.

கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்குக் கண் மங்குவது ஏன்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே துயரம் நடந்தது. காரணம் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். குடித்தவுடன் அது சாதாரணப் போதையைப் போலத்தான் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில், கடும் வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த மூச்சு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோன்ற பார்வை ஆகியவை வருகின்றன. அமிலத்தைச் சரிக்கட்டும் மருந்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று முறையான சிகிச்சை உண்டு. கண் மங்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவருக்கு அறிகுறி தெரிந்தாலும், மற்ற எல்லோரும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வேலைக்குப் போய்விட்டவரையும் தேடிப் பிடித்துக் கொண்டுவாருங்கள்.

வாயு தாக்கி ஒருவர் விழுந்தால் உள்ளே இறங்கித் தூக்கலாமா?

இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாழடைந்த கிணற்றிலும் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று அடுத்தடுத்து இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அடர்த்தி கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் அங்கேயே விழுவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும், அதுவும் எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது என்பதையும், அது இன்னும் மீறப்படுகிறது என்பதையும் வேதனையோடு குறிப்பிடுகிறேன்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகப் போட்டால் குளோரின் கிளம்பும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், எலிக்காக மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு சிறு குழந்தைகள் இறந்தார்கள். அத்தகைய மருந்து வைத்த வீட்டில் அன்று இரவு யாரும் படுக்கக் கூடாது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே?

இந்தப் பயத்தினால் இழந்த நேரம் பலருடைய உயிரைக் குடித்திருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான நடைமுறை. சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. அவசர நிலையில் உள்ளவருக்கு முதலில் சிகிச்சை, நடைமுறைகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் அது வைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், முயன்றவரைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் நிர்ப்பந்திப்பதற்காக முயல்வது மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டுள்ளது.

வேண்டுமென்றே குடித்தவர் பிழைத்து வீடு திரும்புகிறார். அவரிடம் எப்படி நடந்துகொள்வது?

"எங்க மானத்தை வாங்கிட்டியே" என்று கட்டிலருகே நின்று சொல்லாதீர்கள். கண் திறந்த ஒருவர் முதலில் கேட்கும் சொல் அதுவாக இருக்கக் கூடாது. "நீ இருக்கியே, அது போதும்டா" என்று மகனின் தலையைத் தடவிக்கொண்டே ஓர் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இறுக்கமாகக் கிடந்த அந்தப் பையன் அப்போதுதான் அழுதான். காரணத்தை விசாரிக்க நாள் இருக்கிறது. மீண்டும் சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பாரம்தான் இறங்கும். மனநல மருத்துவரைப் பார்க்காமல் மருத்துவமனையிலிருந்து புறப்பட வேண்டாம்.

எண்ணம் வந்த நேரத்துக்கும் செயலுக்கும் இடையே பலருக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அவர் பிழைக்கிறார். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகம் நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. வீட்டளவிலும் இது பொருந்தும்: மருந்துக் குப்பிகளைத் தோட்டத்துப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், தேவைக்குமேல் வாங்காதீர்கள், சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும், மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள்.

இந்த வரியைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், தயவுசெய்து இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926. ஏற்கெனவே எதையாவது உட்கொண்டிருந்தால் 108ஐ அழைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.